டிவி சுவரை மூடும் முன் பில்லையும் வயரிங்கையும் பாருங்கள்

ஹாலில் டிவிக்குப் பின்னால் லூவர் பேனல் ஒட்டி, ஓரங்களில் எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஓட்டும் பழக்கம் சிறு ஊர்களுக்கும் வந்துவிட்டது. யூடியூப் பார்த்துத் தாங்களே செய்துகொள்பவர்களும் பெருகிவிட்டார்கள். அதில் தவறில்லை. ஆனால் கோளாறு என்று என்னிடம் வருபவர்கள் சொல்வது ஒரே கதைதான்: லைட் மினுக்குகிறது, பேனல் ஓரம் பழுப்பேறுகிறது, கருகல் வாடை வருகிறது. "பில் எங்கே?" என்றால், "பில் இல்லாம குறைச்சுக் கொடுத்தாங்க" என்கிறார்கள். வயரிங் செய்தவர் "தெரிஞ்ச பையன்". உள்ளே வயர் எப்படிப் போகிறது என்று காட்ட ஒரு போட்டோகூட இல்லை. கையில் ஒன்றுமே இல்லாவிட்டால், சட்டம் உங்கள் பக்கம் இருந்தும் எதை நீட்டி நியாயம் கேட்பீர்கள்?

முதலில் டிரைவர் (ஸ்ட்ரிப்புக்கு மின்சாரம் தரும் அடாப்டர்)

மீட்டருக்கு 14.4 வாட் இழுக்கும் ஸ்ட்ரிப் 5 மீட்டர் என்றால் 72 வாட். கடையில் எடுத்துக் கொடுக்கும் 12 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் தருவதோ 60 வாட். அதைக் காற்றுப் போகாத பேனலுக்குள் அடைத்து இரவெல்லாம் எரியவிட்டால் சூடேறாமல் என்ன செய்யும்? இந்த ஸ்ட்ரிப்புக்கு 100 வாட் டிரைவர் வாங்குங்கள். கையெட்டும் இடத்தில், காற்றோட்டமாக வையுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பேனலுக்குள் வைத்து மூடவே மூடாதீர்கள்.

எல்.இ.டி. டிரைவருக்கு பி.ஐ.எஸ். (இந்திய தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம். லேபிளில் பி.ஐ.எஸ். முத்திரை, ஐ.எஸ். 15885 என்ற தர எண், 'ஆர்' எழுத்துடன் தொடங்கும் 8 இலக்கப் பதிவு எண் மூன்றும் இருக்க வேண்டும். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். வரும் விவரம் லேபிளோடு பொருந்தாவிட்டால் வாங்காதீர்கள். அதே செயலியில் புகார் கொடுங்கள். வயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் இருக்க வேண்டும். முத்திரையே இல்லாத டிரைவர்கள் பட்டப்பகலில் கொட்டி விற்கப்படுகின்றன. எப்போதாவது ஒரு சோதனை, ஒரு செய்திக்குறிப்பு என்பதோடு அதிகாரிகள் கடமை முடிந்ததாக நினைத்தால் எப்படி?

எது உங்கள் வேலை?

பேனல் ஒட்டுவதும் ஸ்ட்ரிப் பதிப்பதும் நீங்கள் செய்யலாம். சுவருக்குள் புது லைன் இழுப்பதும் புது பாயிண்ட் கொடுப்பதும் கூடாது. பல்பு, ஃபேன், சுவிட்ச் மாற்றுவது போன்றவை தவிர, வயரிங்கில் எதைச் சேர்த்தாலும் மாற்றினாலும் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும் என்கின்றன மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள். தமிழ்நாட்டில் அந்த உரிமத்தைத் தருவது சென்னை கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம். உரிமத்தைக் காட்டச் சொல்லி, அதன் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச்) இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலும் கீழும் டிரில் போடாதீர்கள். கன்சீல்டு பைப் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும். வாடகை வீடு என்றால், துளை போடும் முன்பே உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

மூடும் முன் வயர் போகும் பாதையைப் போட்டோ எடுங்கள். போட்டோ இல்லாவிட்டால், பின்னால் பேனலைப் பிரிக்காமல் எதையும் நிரூபிக்க முடியாது.

கோளாறு வந்துவிட்டால்

மெயினை அணையுங்கள். கருகிய டிரைவரைக் குப்பையில் போடாதீர்கள், அதுதான் சாட்சியம். வாங்கிய தேதி, பில் எண், பதிவு எண், சேதம், கேட்கும் தொகை ஆகியவற்றை எழுதி, 15 நாள் அவகாசம் கொடுத்துக் கடைக்காரருக்கு ஒப்புகையுடன் தபால் அனுப்புங்கள். பதில் இல்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அங்கே பேசித் தீர்க்க முயல்வார்கள்; தீர்ப்புத் தரமாட்டார்கள்.

தீர்ப்புக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 'இ-ஜாக்ரிதி' இணையதளத்தில் பதியலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை. ஆனால் வழக்குக்கான காரணம் எழுந்த 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பில் தராமல் இருப்பதும் இதே சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறைதான்.

தீப்பிடித்தால் 101. பிறகு தீயணைப்புத் துறையிடம் தீ விபத்து அறிக்கை கேட்டு வாங்குங்கள். இன்சூரன்ஸுக்கு அது வேண்டும். ஷாக் அடித்து யாருக்காவது காயம் என்றால் மின் ஆய்வாளருக்கும் தகவல் போக வேண்டும்.

மறுபடியும் சொல்கிறேன்: பில் வாங்குங்கள், பதிவு எண்ணைச் சரிபாருங்கள், மூடும் முன் போட்டோ எடுங்கள். இந்த மூன்றும் இல்லாமல் பேனலை ஒட்டாதீர்கள்.