‘இது ஃபில்லர்... ஸ்கிப் பண்ணுங்க ப்ரோ!’ - ரியாக்‌ஷன் சேனல்களைச் சுத்தவிடும் 136-வது எபிசோடு

ஒரு காட்சியை முதல்முறை பார்க்கும்போது வர்ற அதிர்ச்சி, ரெண்டாவது முறை பார்த்தா வராது. ஆனா, அதை முதல்முறையா பார்க்கிற இன்னொருத்தரோட முகத்தைப் பார்த்தா, அந்த அதிர்ச்சியில கொஞ்சம் நமக்கும் திரும்பக் கிடைக்கும். ரியாக்‌ஷன் சேனல்கள் ஓடுறதே இதை நம்பித்தான்.

சரி, ஹீரோ சாகக் கிடக்கிற எபிசோடுக்கு ரியாக்ட் பண்றது ஈஸி. ஒண்ணுமே நடக்காத எபிசோடுக்கு என்ன பண்றது?

அனிமே ரசிகர்களுக்கு இந்தப் பிரச்னையோட பேரு தெரியும், ஃபில்லர். தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா. ‘நருட்டோ’ மாதிரியான கதைகள் முதல்ல மாங்காவா, அதாவது காமிக்ஸா வாராவாரம் பத்திரிகையில வரும். வாரத்துக்குச் சுமார் 20 பக்கம்தான். அனிமேவும் வாராவாரம் டிவியில ஓடும். ஒரு எபிசோடே ஒண்ணு, ரெண்டு அத்தியாயத்தைச் சாப்பிட்டுடும். அப்போ அனிமே சீக்கிரமே மாங்காவை எட்டிப் பிடிச்சிடும். கதை எழுதுறவர் அடுத்து என்னன்னு முடிவு பண்றதுக்குள்ள இங்க எபிசோடு போட்டாகணும். அந்த இடைவெளியை நிரப்ப ஸ்டூடியோவே சொந்தமா கதை பண்ணிக்கும். நம்ம மெகா சீரியல்ல நிச்சயதார்த்தத்தை மூணு வாரம் இழுப்பாங்களே, அதோட ஜப்பான் வெர்ஷன்.

‘நருட்டோ’ முதல் தொடர் 220 எபிசோடு. நருட்டோவும் சசுகேவும் மோதுற அந்தப் பெரிய சண்டை முடிஞ்சு (ஒளிபரப்பாகி 20 வருஷமாச்சு, இதை ஸ்பாய்லர்னு சொல்லக் கூடாது!) 136-ல தொடங்கி கடைசி வரைக்கும் கிட்டத்தட்ட எல்லாமே ஃபில்லர்தான். 85 எபிசோடு. வாரத்துக்கு ரெண்டு எபிசோடுக்கு ரியாக்ட் பண்ற ஒருத்தர் இதை விடாம பார்த்தா, பத்து மாசம் ஆகும். மெயின் கதை ஓர் அடிகூட நகராது.

நான் ஃபாலோ பண்ணிட்டிருந்த ஒரு சேனல் சரியா இந்த இடத்துலதான் தடுமாறுச்சு. 135 வரைக்கும் அழுதாங்க, கத்தினாங்க, தலையில கைவெச்சு உட்கார்ந்தாங்க. 140 தாண்டினதும் அவங்க கண்ணு அடிக்கடி ஸ்கிரீனை விட்டு வேற எங்கேயோ போக ஆரம்பிச்சது. போனைப் பார்க்கிறாங்கனு நமக்கே தெரியும். ரெண்டு வாரத்துல நானும் போறதை நிறுத்திட்டேன்.

‘ஸ்கிப் பண்ணிட்டுப் போயிடலாமே, இதுல என்ன இருக்கு’னு தோணும். அங்கதான் சிக்கல். எது ஃபில்லர்னு கதை தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் தெரியும். ரியாக்ட் பண்றவர் கதை தெரியாதவரா இருந்தாதான் அந்த வீடியோவுக்கே மதிப்பு. அப்போ யாராவது அவருக்குச் சொல்லியாகணும். “அடுத்த 85 எபிசோடு ஃபில்லர்”னு சொன்னா, கூடவே “இதுல முக்கியமான யாரும் சாக மாட்டாங்க, சசுகே திரும்பி வரமாட்டான்”னும் சொல்லியாச்சுல்ல? ஃபில்லர் லிஸ்ட்டே ஒரு ஸ்பாய்லர்தான்.

அதனால பல சேனல்கள்ல இந்த வேலைக்குன்னே ஓர் ஆள் இருப்பார். ஏற்கெனவே தொடரைப் பார்த்த நண்பர் இல்லைன்னா எடிட்டர். கமென்ட்டைப் படிக்கிறது, ஸ்பாய்லரை நீக்குறது, ‘அடுத்து இத்தனாவது எபிசோடுக்குப் போ’னு காரணம் சொல்லாம நம்பர் மட்டும் கொடுக்கிறது எல்லாம் அவர் பொறுப்பு. கேட்க சிரிப்பா இருக்கும். ஆனா, சேனலோட நேர்மை அவர் கையிலதான் இருக்கு.

‘ப்ளீச்’ பார்க்கிறவங்களுக்குச் சோதனை இன்னும் பெருசு. ஹீரோ இச்சிகோ எதிரிகளோட கோட்டைக்குள்ள சண்டை போட்டுட்டிருக்கும்போதே, 168-வது எபிசோடுல திடீர்னு வேற கதை ஆரம்பிச்சு 189 வரைக்கும் போகும். விட்ட சண்டை 190-லதான் திரும்ப வரும். முன்னறிவிப்பு இல்லாம இதுல மாட்டுற ரியாக்டரோட குழப்பம் இருக்கே, அது நூறு சதவிகிதம் ஒரிஜினல் ரியாக்‌ஷன். பழைய ரசிகர்கள் அதுக்காகவே காத்திருப்பாங்க. ‘நாங்க பட்டதை நீயும் படு’ங்கிற நல்லெண்ணம்தான்!

பணக் கணக்கு இன்னும் சங்கடமானது. அடுத்தவங்க காட்சியைப் போடுறதால யூடியூப்ல காப்பிரைட் க்ளெய்ம் வரும், விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போயிடலாம். அதனால நிறைய பேர் வெட்டிச் சுருக்கின வீடியோவை யூடியூப்ல போட்டுட்டு, முழு நீள ரியாக்‌ஷனை பேட்ரியான் மாதிரி மாதச் சந்தா தளத்துல வெச்சிருப்பாங்க. நாம நம்ம ஸ்கிரீன்ல எபிசோடைப் போட்டு, அவங்க டைமரோட சேர்த்து ஓடவிட்டுப் பார்க்கணும். இப்போ யோசிங்க. ஃபில்லரை முழுசா பார்த்தா, பத்து மாசச் சந்தா. ஸ்கிப் பண்ணா, அடுத்த மாசமே மெயின் கதை. இழுத்தா ‘காசுக்காக இழுக்கிறான்’, தாண்டினா ‘முழுசா பார்க்கிறேன்னு சொல்லி ஏமாத்திட்டான்’. ரெண்டு பக்கமும் அடி.

சட்டம்கூட இங்க எட்டிப் பார்க்குது. 2017-ல நியூயார்க் கோர்ட்டுல வந்த ‘ஹாஸ் - க்ளைன்’ வழக்கு யூடியூபர்கள் மத்தியில ரொம்பப் பிரபலம். ஒருத்தரோட வீடியோவைக் கொஞ்சம் கொஞ்சமா போட்டு, நடுநடுவுல விமர்சனம் பண்ணது நியாயமான பயன்பாடுதான்னு தீர்ப்பு வந்தது. ஆனா, அதே தீர்ப்புல நீதிபதி ஒண்ணு கவனமா சொல்லியிருந்தார். எல்லா ரியாக்‌ஷன் வீடியோவும் இப்படி இல்ல, சிலது கருத்தே சொல்லாம கூட்டமா உட்கார்ந்து படம் பார்க்கிற மாதிரிதான் இருக்குன்னு. ஃபில்லர்ல பேச எதுவும் இல்லாம ‘ம்... ஓகே’னு உட்கார்ந்திருக்கிற ரியாக்டர் எந்தப் பக்கம் விழுவார்னு நீங்களே சொல்லுங்க.

இதையெல்லாம் சமாளிக்கிறவங்க என்ன பண்றாங்கன்னு பார்த்தா, பெரிய ரகசியம் எதுவும் இல்ல. தொடர் ஆரம்பிக்கும்போதே ‘ஃபில்லருக்கு எங்க கொள்கை இதுதான்’னு சொல்லிடுறாங்க. சிலர் கேமராவுக்கு வெளிய வேகமா பார்த்துட்டு, எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே வீடியோவுல பேசுறாங்க. சிலர் மூணு எபிசோடை ஒரு வீடியோவா சுருக்கிடுறாங்க. சந்தாதாரர்கள்கிட்ட ஓட்டெடுப்பு வெச்சு, ‘இதுல எந்த அஞ்சை நாங்க கண்டிப்பா பார்க்கணும்’னு கேட்கிறவங்களும் உண்டு. எனக்குப் பிடிச்சது இந்தக் கடைசி வழிதான். ஏன்னா, ஃபில்லர்னாலே குப்பை இல்ல.

‘நருட்டோ’ 101-வது எபிசோடை எடுத்துக்குங்க. ககாஷி சென்செயோட முகமூடிக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு மூணு பசங்க அலையுற கதை. சுத்தமான ஃபில்லர். ஆனா, அதைத் தவறவிட்ட ரியாக்டரை ரசிகர்கள் லேசுல விடமாட்டாங்க. ‘டிராகன் பால் இஸட்’ல கோகுவும் பிக்கோலோவும் கார் ஓட்டக் கத்துக்கிற எபிசோடும் அப்படித்தான். உலகத்தையே காப்பாத்துறவங்க லைசென்ஸ் டெஸ்ட்டுல படுற பாடு! 2009-ல ஃபில்லரைக் கழிச்சு ‘டிராகன் பால் கை’னு புது வெர்ஷன் விட்டப்போ இது போயிடுச்சு. சுருக்கமா, விறுவிறுப்பா இருக்குதான். ஆனா, அந்த கார் காமெடியைத் தேடி பழைய வெர்ஷனுக்குப் போறவங்க இன்னும் இருக்காங்க.

இப்போ வர்ற ‘டீமன் ஸ்லேயர்’, ‘ஜுஜுட்சு கைசன்’ எல்லாம் சீசன் சீசனா வருது. நடுவுல இடைவெளி விடுறாங்க, ஃபில்லருக்குப் பெருசா வேலையில்ல. ரியாக்டர்களுக்கு நிம்மதி. ஆனா, ஒரு சீசன் முடிஞ்சா அடுத்ததுக்கு ஒரு வருஷமோ, ரெண்டு வருஷமோ காத்திருக்கணும். அந்த நேரத்துல சந்தா கட்டுறவங்களைப் பிடிச்சு வைக்க என்ன பண்றதுன்னு தேடுற பல சேனல்கள் கடைசியில போய் நிற்கிற இடம் எது தெரியுமா?

‘நருட்டோ’ எபிசோடு 1. நான் விட்டுட்டு வந்த அதே சேனல், போன மாசம் ‘ப்ளீச்’ ஆரம்பிச்சிருக்கு. முதல் வீடியோவுலயே ஃபில்லர் பத்தி மூணு நிமிஷம் பேசிட்டுத்தான் ப்ளே பட்டனை அழுத்தினாங்க. திரும்ப சப்ஸ்கிரைப் பண்ணிட்டேன். 168 வரும்போது அவங்க முகத்தைப் பார்க்கணும்ல!