பழைய பலகைக் கணினியும் திண்மநிலைச் சேமிப்பகமும்

கணினியொன்று மந்தமுறின், முதுமையே அதற்கு ஏதுவெனக் கொண்டு அதனை ஒதுக்கிவிடுதல் இன்று வழக்கமாயிற்று. ஆயின், ஒரு பொறியின் உறுப்புகள் யாவும் ஒருங்கே முதுமையெய்துவதில்லை. பெரும்பாலும் ஓருறுப்பே ஏனையவற்றைக் காத்திருக்கச் செய்கின்றது. அவ்வுறுப்பு யாதென அறிந்து மாற்றின் பொருளும் மிஞ்சும், பொறியும் பயன்படும். இதனை ஓர் எடுத்துக்காட்டான் விளக்குவாம்.

2007 ஆம் ஆண்டில் லெனோவோ நிறுவனம் வெளியிட்ட திங்க்பாட் எக்ஸ்61 டாப்லெட், திரையைத் திருப்பி மடித்துப் பலகைபோற் கையிலேந்தி, மின்பேனாவால் எழுதத்தக்க கணினியாகும். கட்டுரை எழுதுதற்கும் குறிப்பெடுத்தற்கும் அதன் இன்டெல் கோர் 2 டுவோ செயலி இன்றும் போதியது. அதன் மந்தத்திற்கு முதன்மைக் காரணம் வன்தட்டே.

வன்தட்டில், காந்தப் பூச்சுடைய தட்டுச் சுழல, அதன்மேல் ஒரு புயம் அசைந்து தரவைப் படிக்கின்றது. நிமிடத்திற்கு 5400 முறை சுழலுந் தட்டுக்கு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிசெக்கன் செல்லும். வேண்டிய இடம் வந்தெய்தச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்தல் வேண்டும். புயம் இடம்பெயரும் நேரம் வேறு. கணினியைத் தொடக்குங்கால் எண்ணிறந்த சிறு கோப்புகள் வெவ்வேறிடங்களினின்று படிக்கப்படுதலின், இக்காத்திருப்புகள் திரண்டு பெருந்தாமதமாகின்றன. அன்றியும், கையிலேந்தும் கருவியில் அசையும் உறுப்பிருத்தல் அதிர்ச்சியாற் பழுதுறற்கு இடமளிக்கும்.

திண்மநிலைச் சேமிப்பகத்திற் சுழல்வதுமில்லை, அசைவதுமில்லை. தொசிபா நிறுவனத்தைச் சார்ந்த பூஜியோ மசுவோகா குழுவினர் 1987 இல் அறிவித்த நாண்ட் பிளாஷ் நினைவகத்தில், தரவு மின்னேற்றமாகத் தங்குகின்றது. எவ்விடத்துத் தரவும் ஏறத்தாழ மில்லிசெக்கனின் பத்திலொரு பங்கிற் கிடைக்கும்.

எக்ஸ்61 இன் சாட்டா இணைப்பு செக்கனுக்கு 1.5 கிகாபிட் என்னும் அளவிற்குட்பட்டது. அஃதாவது, செக்கனுக்கு 150 மெகாபைற்றின் மேற் செல்லாது. எனின், மாற்றத்தாற் பயன் யாது? வாய்க்கால் ஒடுங்கியதாயினும், இறைப்போன் இடையிடையே நில்லாதொழியின் தோட்டம் விரைவில் நனையும். ஈண்டுப் பெறும் ஊதியம் காத்திருப்பு ஒழிதலே. ஆதலின், விலைமிக்க சேமிப்பகத்தை நாடுதல் வீண்.

மாற்றுவோர் முதற்கண் தம் குறிப்புகள் யாவற்றையும் வேறோரிடத்திற் பிரதிசெய்தல் வேண்டும். பின்னர் மின்கலத்தைக் கழற்றியே பொறியைத் திறத்தல் வேண்டும். 2.5 அங்குலச் சாட்டாச் சேமிப்பகம் இதற்குப் பொருந்தும். விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா ஆகிய பணிசெயல் முறைமைகள், அழிக்கப்பட்ட இடங்களைச் சேமிப்பகத்திற்கு அறிவிக்கும் டிரிம் கட்டளையை அறியா. விண்டோஸ் 7 அதனை அறியுமெனினும், அதற்கான பொதுவான ஆதரவு 2020 சனவரியில் முடிவுற்றது. எனவே, இலகுவான லினக்ஸ் முறைமையொன்றை நிறுவுதல் நன்று.

இம்மருந்து எல்லா நோய்க்கும் ஆகாது. தளர்ந்த மின்கலத்தையும் மங்கிய திரையையும் இது திருத்தாது. சேமிப்பகம் தாய்ப்பலகையிற் பற்றாசிட்டு ஒட்டப்பெற்ற இக்காலப் பலகைக் கணினிகள் பலவற்றில் இம்மாற்றம் எளிதில் இயலாது. பழுது யாதென ஆராய்ந்த பின்னரே பொருளைச் செலவிடுக; ஆராயாது எறிதலும் ஆராயாது வாங்குதலும் ஒருதன்மையனவே.