ஹீட்டர் ட்ரிப் ஆகுதா? ஏர்த் வயரைக் கழற்றாதீர்கள்!



நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போய் வருகிறவர்களும், யாழ்ப்பாணப் பக்கம் வேலைக்குப் போன நம்ம பிள்ளைகளும் ஒரு விஷயம் சொல்வதுண்டு. "அங்கே தண்ணி ஹீட்டர் சீக்கிரமா பழுதாகிடுது" என்பார்கள். காரணம் தண்ணீர்தான்.

நம்ம மலை ஊற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு. ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு எல்லாம் சுண்ணாம்புக்கல் பூமி. அங்கே மழைத் தண்ணீர் கல்லுக்குள் இறங்கி, கடல் தண்ணீருக்கு மேலே தங்கி நிற்கிறது. வெயில் காலத்தில் கூடுதலாக இறைத்தால் கிணற்றில் உப்பு ஏறும். அந்தத் தண்ணீரைக் காய்ச்சினால் ஹீட்டர் கொயிலில் வெள்ளைப் பொருக்குப் படியும்.

கொயில் என்பது ஒரு உலோகக் குழாய். அதற்குள் சூடாகும் கம்பியும், கம்பி குழாயில் படாமல் காக்கும் வெள்ளைத் தூளும் இருக்கும். பொருக்கு மூடினால் சூடு வெளியே போகாது. குழாய் அளவுக்கு மீறிச் சூடாகி வெடிக்கும். உப்பும் அதை அரிக்கும். வெடிப்பு வழியாகத் தூள் நனைந்தால் கரண்ட் தண்ணீருக்கும் தொட்டிக்கும் கசியும். அப்போதுதான் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. வீடுகளில் வழக்கமாக உள்ள ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் கசிவுக்குள்ளேயே விழுந்துவிடும்.

குறிகட்டுவானிலிருந்து படகில் ஆள் வரவேண்டிய தீவானாலும் சரி, டவுனிலிருந்து வரவேண்டிய தோட்டமானாலும் சரி, சிலர் ஒரு குறுக்கு வழி செய்கிறார்கள். ஏர்த் வயரைக் கழற்றிவிடுகிறார்கள். ட்ரிப் ஆவது நிற்கலாம், கசிவு நிற்காது. மண்ணுக்குப் போக வழியில்லாமல் கரண்ட் தொட்டியிலேயே காத்திருக்கும். ஈரக் காலோடு தொடுகிற பிள்ளைதான் அதற்கு வழியாகும். ட்ரிப் சுவிட்சைத் தாண்டி நேரே வயர் கொடுப்பதும் உயிரோடு விளையாடுவதே.

பழுது எங்கே என்று எப்படிப் பார்ப்பது? முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். அதன் பிறகும் ட்ரிப் ஆனால் பழுது வேறு இடத்தில். ஹீட்டரை மாட்டினால் மட்டும் விழுகிறதா? அப்போது ஹீட்டரில்தான். சுவரோடு நேரே வயர் இழுத்த ஹீட்டரைத் திறப்பதும் இனிச் சொல்லும் சோதனைகளும் தகுதியான எலக்ட்ரீசியன் வேலை. அவர் மெயின் சுவிட்சை நிறுத்தி, கரண்ட் இல்லை என்று உறுதி செய்த பின்புதான் மூடியைத் திறக்க வேண்டும்.

1. கொயிலின் இரண்டு வயரையும் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தால், 1500 வாட் கொயில் சுமார் 35 ஓம், 2000 வாட் சுமார் 26 ஓம் காட்டும். ஒன்றும் காட்டாவிட்டால் உள்கம்பி அறுந்துவிட்டது.

2. கொயில் முனைக்கும் உலோக உடம்புக்கும் இடையில் எதுவும் காட்டக்கூடாது. காட்டினால் கசிவு. சின்னக் கசிவு சாதாரண மீட்டரில் தெரியாது. அதற்கு மெகர் மீட்டர் வேண்டும். கசிகிற கொயிலை ஒட்டுப்போட முடியாது, புதிதாகத்தான் மாற்ற வேண்டும். வாஷரையும் மாற்றுங்கள். தண்ணீர் நிரப்பிய பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

3. வயர் முனை கறுத்திருந்தால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். 2000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும். தளர்ந்த இடம் தீப்பிடிக்கும்.

4. தண்ணீர் கொதித்தாலும் கரண்ட் நிற்காவிட்டால் தெர்மோஸ்டாட் பழுது. பாதுகாப்பு பட்டன் மறுபடி மறுபடி வெளியே வந்தால் அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள்.

தண்ணீர் சூடாக நேரம் எடுத்தால் அது எப்போதும் பழுதல்ல. 230 வோல்ட் 200 ஆகக் குறைந்தால் 2000 வாட் ஹீட்டர் 1500 வாட் அளவுக்குத்தான் சூடு தரும்.

பொருக்கு நீக்க, வாளியில் போடுகிற ஹீட்டரை பிளக்கிலிருந்து கழற்றி, ஆறவிட்டு, குழாய்ப் பகுதியை மட்டும் வினாகிரியில் ஊறவிடுங்கள். கத்தியால் சுரண்டாதீர்கள். ஹீட்டர் போட்டிருக்கையில் வாளியில் கை விட்டு சூடு பார்க்கவே கூடாது.

மாதம் ஒரு முறை ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் உடனே மாற்றுங்கள். லயத்தில் ட்ரிப் சுவிட்சோ ஏர்த்தோ இல்லையென்றால் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்தால் கையால் இழுக்காதீர்கள். மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளி விலக்குங்கள். எழுந்து நடந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

புதுக் கொயில் கடையில் கிடைக்கும். போன உயிர் எந்தக் கடையிலும் கிடைக்காது. இதை வாசித்தவர்கள் வாசிக்கத் தெரியாத பக்கத்துக் காம்பராக்காரருக்கும் சொல்லுங்கள்.