கணினித் திரையில் படம் தடுமாறுவது ஏன்?

திரையில் ஓடும் படம் உண்மையில் ஓடுவதில்லை. நிலையான படங்கள் பல ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து தோன்றும்போது, கண் அவற்றைத் தொடர்ந்த அசைவாகக் கொள்கிறது. சினிமாவிலே செக்கனுக்கு 24 படங்கள் காட்டப்படுகின்றன. அவை யாவும் முன்னரே எடுத்து முடிக்கப்பட்டவை. கணினி விளையாட்டிலோ நிலைமை வேறு. விளையாடுபவன் அடுத்த கணம் எந்தப் பக்கம் திரும்புவான் என்பதை எவரும் முன்கூட்டி அறியார். ஆதலால் ஒவ்வொரு படமும் அந்தந்தக் கணத்திலேயே வரையப்படல் வேண்டும். செக்கனுக்கு 60 படங்கள் வேண்டுமாயின், ஒரு படத்துக்குக் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன் மாத்திரமே. அதற்குள் படம் முடியாவிடின் பழைய படமே திரையில் தங்கிவிடும். ஓட்டம் தடைப்படும். இதனையே இளைஞர்கள் ‘பிறேம் விழுகிறது’ என்கிறார்கள்.

இது வெறும் பொழுதுபோக்குச் சங்கதிதானே என்று பெற்றோர் எண்ணக்கூடும். ஆனால் 2023 ஆம் ஆண்டில் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவிலே கணினி விளையாட்டுகளுக்கும் பதக்கங்கள் வழங்கப்பட்டன. அன்றியும், இஃது வீட்டுப் பணத்தோடு தொடர்புடைய விடயம். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் கணினி உறுப்புகளின் விலையும் ஏறியது. படம் தடுமாறியதும் புதிய கிராபிக்ஸ் அட்டை வாங்க ஓடுவோர் பலர். காரணம் அட்டையில் இல்லையாயின், பணம் போகும். குறை அப்படியே இருக்கும்.

குறையின் வேர் எங்கே என்று தேடும் பழக்கம் யாழ்ப்பாணத்தவர்க்குப் புதியதன்று. 1990 ஆம் ஆண்டு தொடங்கிப் பல ஆண்டுகள் குடாநாடு மின்சாரமின்றி இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. மிதிப்பவர் களைத்தால் வானொலியின் குரலும் தளர்ந்தது. அதற்காக எவரும் வானொலிப் பெட்டியைக் கழற்றவில்லை, மிதிப்பவரையே மாற்றினார்கள். கணினிக்கும் அந்த அறிவே வேண்டும்.

முதலிலே, தடுமாறுவது படமா, இணைய இணைப்பா என்று பிரித்தறிதல் வேண்டும். காட்சி வழுவழுப்பாக நகர, எதிராளி மாத்திரம் ஓரிடத்தில் மறைந்து வேறோரிடத்தில் தோன்றினால் குறை இணையத்தினுடையது. இணையமின்றித் தனித்து விளையாடும்போதும் காட்சி தயங்கினால் குறை கணினியினுடையது.

அடுத்து, தடுமாற்றம் எப்போது தொடங்குகிறது என்பதைக் கவனித்தல் வேண்டும். தொடக்கத்திலிருந்தே இருந்தால், விளையாட்டு கணினியின் தகுதிக்கு மிஞ்சியதாய் இருக்கலாம். கால் மணியோ அரை மணியோ கழித்து வந்தால், வெப்பத்தை ஐயுறல் வேண்டும். இடையிடையே வந்து மறைந்தால், பின்னணியில் வேறு வேலை நடக்கிறது எனலாம். மென்பொருளைப் புதுப்பித்த மறுநாளே வந்தால், அப்புதுப்பிப்பையே சோதித்தல் தகும்.

இவற்றுள் குடாநாட்டுக்கு மிகப் பொருந்துவது வெப்பம். கணினியின் புரொசசர் கடுமையாக உழைக்கும்போது சூடேறும். பல புரொசசர்களுக்கு எல்லை 100 பாகை செல்சியஸ் அளவாகும். அவ்வெல்லையை அணுகியதும் அது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. வேகம் குறைய, 16.7 மில்லிசெக்கனில் முடிந்த வேலை நீளுகிறது. சித்திரை வெயிலிலே அறை எத்தனை பாகை கூடுதலாகச் சூடேறுகிறதோ, ஏறத்தாழ அத்தனை பாகை புரொசசரின் சூடும் கூடும். குளிரூட்டும் விசிறி அறைக் காற்றையே உள்ளிழுக்கிறது அல்லவா? சோளகக் காற்று வீசும் மாதங்களில் உரும்பிராய், கோப்பாய்ப் பகுதிகளின் செம்மண் தூசு வீட்டுக்குள் புகும். பருத்தித்துறை, காரைநகர் போன்ற கரையோரங்களில் உப்பு ஈரம் சேர்ந்து அத்தூசு பசைபோல் ஒட்டும். விசிறிக்கும் உலோகத் தகடுகளுக்கும் இடையே அது போர்வையாய்ப் படிந்தால் காற்றுச் செல்ல வழியில்லை.

பரிகாரம் எளிது. கணினியை நிறுத்தி, மின்னிணைப்பைக் கழற்றி, மென்மையான தூரிகையாலும் உலர்ந்த காற்றாலும் தூசை அகற்றலாம். விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளல் வேண்டும். ஈரத்துணி ஆகாது. மடிக்கணினியை மெத்தையில் வைத்து விளையாடினால் அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபடும். மேசையே தகுந்த இடம். பல ஆண்டுகள் பழகிய கணினியாயின், புரொசசருக்கும் உலோகத் தகட்டுக்கும் இடையிற் பூசிய களிம்பு காய்ந்திருக்கக்கூடும். அதனைக் கைதேர்ந்தவர் மாற்றுதல் நன்று.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். மின்னழுத்தம் சற்றுக் குறைந்தால் மேசைக் கணினி மெதுவாகிவிடும் என்பது பலர் கொள்கை. அதன் மின்வழங்கி அக்குறையை ஈடுசெய்துகொள்ளும்; மிகவும் குறைந்தால் கணினி அணையுமேயன்றித் தளர்வதில்லை. ஆனால் அவ்வேளையில் அறையின் விசிறி தளரும், அறை சூடேறும், அவ்வழியாகத் தடுமாற்றம் வரலாம். மடிக்கணினியோ வேறு. 2022 இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நிலவியபோது பலர் மின்கலத்தைக் கொண்டே வேலை செய்தனர். மின்கலத்தில் இயங்கும் மடிக்கணினி பெரும்பாலும் தன் ஆற்றலைக் குறைத்துக்கொள்கிறது. தகுதி குறைந்த மாற்றுச் சார்ஜரும் அவ்வாறே செய்யும்.

பின்னணி வேலைகளை விண்டோஸின் ‘டாஸ்க் மனேஜர்’ காட்டும். தானாக இறங்கும் புதுப்பிப்பும் வைரசுச் சோதனையும் புரொசசரின் நேரத்தைப் பங்குபோடும். திறந்துவிடப்பட்ட இணையப் பக்கங்கள் நினைவகத்தை நிரப்பும். நினைவகம் நிரம்பினால் கணினி வன்தட்டை நாடும். அது நினைவகத்தினும் மிகவும் மந்தமானது.

இவை யாவும் சரியாக இருந்தும் குறை தீராவிடின், இன்னுமொரு சோதனை உண்டு. விளையாட்டின் படத் துல்லியத்தைக் குறைத்துப் பார்க்கலாம். ஓட்டம் உடனே சீரானால் சுமை கிராபிக்ஸ் அட்டையின் மேலது. மாற்றமே இல்லையாயின் தடை பெரும்பாலும் புரொசசரிடத்தது. ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றி, பயனைக் குறிப்பேட்டில் எழுதுதல் அவசியம். பலவற்றை ஒருங்கே மாற்றினால் எது மருந்தாயிற்று என்பது தெரியாமற் போகும்.

நாடி பார்க்குமுன் மருந்து கொடுக்கும் வைத்தியரை எவரும் நாடார். தூசு துடைத்தல், இடம் மாற்றல், வேண்டாத வேலைகளை நிறுத்தல் ஆகியவற்றுக்குச் செலவு இல்லை. அவற்றை முதலிலும், கடைக்குச் செல்வதை ஈற்றிலும் வைத்துக்கொண்டால் வீட்டுப் பணம் மிஞ்சும். காரணத்தைத் தேடிக் காணும் பழக்கமும் பிள்ளைகளிடத்தே வளரும்.