மோட்டார் சைக்கிளின் குறி விளக்கு

மொழி என்பது வாயினாற் பேசப்படுவதொன்றே என்று கருதுதல் பொருந்தாது. ஒருவன் தன் உள்ளக் கருத்தைப் பிறனுக்கு ஐயமின்றி உணர்த்துதற்குக் கருவியாவது எதுவோ அதுவும் மொழியேயாம். சாலையில் விரைந்து செல்வார்க்கு வாய்ச்சொல் பயன்படாது. ஆதலின் அவர்தம் மொழி ஒளியினால் அமைந்தது. ‘யான் வலப்புறம் திரும்பப் போகின்றேன்’ என்று மோட்டார் சைக்கிளைச் செலுத்துவோன் பின்வருவார்க்குக் கூறும் சொல், இண்டிகேட்டர் என்று நாம் வழங்கும் குறி விளக்கேயாகும். அமெரிக்க நாட்டுப் பியூக் கார்களில் மின்னி ஒளிரும் குறி விளக்கு 1939-ஆம் ஆண்டில் இடம்பெற்றது. பிற்காலத்தில் இம்முறை உலகெங்கும் பரவிற்று.

மொழிக்கு இலக்கணம் உண்மைபோல இக்குறிக்கும் இலக்கணம் உண்டு. நம் நாட்டின் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, குறி விளக்கு செம்மஞ்சள் நிறத்ததாய் இருத்தல் வேண்டும். நிமிஷத்திற்கு 60 முறைக்குக் குறையாமலும் 120 முறைக்கு மிகாமலும் மின்னுதல் வேண்டும். நிறம் மாறினாலும், விரைவு மாறினாலும், காண்போன் பொருள்கொள்ளத் தடுமாறுவான். அத்தடுமாற்றம் சாலையில் உயிருக்கே இறுதி பயத்தல் கூடும்.

இக்காலத்து மாணவருட் பலர் தம் வண்டியிலுள்ள பழைய மின்னிழை விளக்குகளை நீக்கி, எல்.இ.டி. எனப்படும் ஒளியுமிழ் டையோடு விளக்குகளைப் பொருத்த விழைகின்றனர். அங்ஙனம் மாற்றுங்கால் நிகழ்வன யாவை, அவற்றின் காரணம் யாது, செயற்பாலது யாது என்பவற்றை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுந்தாம்.

பழைய விளக்கில் மெல்லிய டங்ஸ்டன் இழையொன்று மின்சாரத்தாற் காய்ந்து ஒளிர்கின்றது. அது கொள்ளும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதானும் ஒளியாவதில்லை. எஞ்சியதெல்லாம் வெப்பமாய்க் கழிகின்றது. ஒளியுமிழ் டையோடோ காய்ந்து ஒளிர்வதன்று. குறைகடத்திப் பொருள்கள் இரண்டு கூடுமிடத்தில் மின்சாரம் பாயுங்கால் அங்கேயே ஒளி பிறக்கின்றது. கண்ணுக்குப் புலனாகும் சிவப்பொளியைத் தரும் டையோடை 1962-ஆம் ஆண்டில் நிக் ஹோலோன்யாக் என்பார் செய்துகாட்டினார். மஞ்சள் ஒளி தருவதை 1972-இல் ஜார்ஜ் கிராபோர்டு ஆக்கினார். நீலவொளி தருவதனைக் கண்ட இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நக்கமுரா என்னும் மூவர்க்கும் 2014-ஆம் ஆண்டின் பௌதிக நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

மின்செலவில் இவ்விருவகை விளக்குகட்கும் உள்ள வேற்றுமை பெரிது. 12 வோல்ட்டில் எரியும் 10 வாட் இழைவிளக்கு ஏறத்தாழ 0.83 ஆம்பியர் மின்சாரம் கொள்ளும். ஒரு வாட் டையோடு விளக்கோ 0.08 ஆம்பியரே கொள்ளும். ஒரு பக்கத்து விளக்குகள் இரண்டிற்கும் முன்னர் 1.67 ஆம்பியர் சென்றவிடத்து இப்பொழுது 0.17 ஆம்பியர் போதும். பாட்டரிக்குப் பளு குறைகின்றது. வண்டி அதிர்வினால் இழை அறுதல் என்பதும் இல்லை.

இங்ஙனம் நன்மை பலவாயினும், விளக்கை மாற்றிய மாத்திரத்தே குறி பிழைபடுவதைப் பலரும் காண்கின்றனர். சில வண்டிகளில் விளக்கு மின்னாது நின்றெரியும். சிலவற்றில் இருமடங்கு விரைந்து துடிக்கும். புதிய விளக்கு பழுதுடையதென்று கடைக்காரரோடு வழக்காடுவாரும் உளர். பழுது விளக்கினதன்று, விளக்கை மின்னச்செய்யும் பிளாஷர் என்னும் சிறு கருவியின் இயல்பே இதற்குக் காரணம்.

பழைய பிளாஷரின் உள்ளே வெப்பத்தால் வளையும் உலோகத் தகடொன்று உண்டு. விளக்கிற்குச் செல்லும் மின்சாரம் அதனைக் காய்ச்சும். தகடு வளைந்து மின்வழியை விடுக்கும். ஆறியபின் மீண்டு வந்து தொடும். ‘டிக் டிக்’ என்று நாம் கேட்கும் ஓசை இதனாற் பிறப்பதே. டையோடு விளக்கிற்குச் செல்லும் சிறு மின்சாரம் அத்தகட்டைக் காய்ச்சப் போதாது; ஆதலின் விளக்கு நின்றெரிகின்றது. பின்வந்த எலெக்ட்ரானிக் பிளாஷரோ தன்வழிச் செல்லும் மின்சாரத்தை அளந்துகொண்டே இருக்கும். அது மிகக் குறைந்தால், ‘இப்பக்கத்து விளக்குகளில் ஒன்று அவிந்தது’ என்று கொண்டு விரைந்து துடித்துச் செலுத்துவோனை எச்சரிக்கும். எனவே, விரைந்து துடித்தல் அதனிடத்துள்ள குற்றமன்று. தனக்குக் கற்பித்த கடமையை அது தவறாது செய்வதேயாம்.

இதனை நிறுத்துதற்கு வழிகள் இரண்டு. முதலாவது, டையோடு விளக்கோடு இணையாக மின்தடையொன்றை அமைத்தல். மேற்கூறிய கணக்கின்படி குறைந்துபோன 0.75 ஆம்பியரை ஈடுசெய்ய, விளக்கொன்றுக்கு 16 ஓம் தடை வேண்டும். அது 9 வாட் ஆற்றலை வீணே வெப்பமாக்கும். பிளாஸ்டிக்கின் அருகே அமைத்தால் அதனை உருக்கவும் கூடும். மின்செலவு குறைதல் என்னும் பயனும் அற்றொழிகின்றது. இவற்றினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. நாளை அந்த டையோடு விளக்கு அவிந்தாலும், மின்தடை தன் பங்கைக் கொண்டே இருக்கும். பிளாஷரும் யாவும் செவ்வனே உள்ளன என்று நம்பி முன்போலவே ஒலிக்கும். பிளாஷரின் முன்னே மின்தடை பொய்ச்சான்று கூறுகின்றது எனலாம்.

இரண்டாவது வழி, பளுவைப் பாராது ஒரே விரைவில் மின்னச்செய்யும் எல்.இ.டி. பிளாஷரை அமைத்தல். இதுவே தக்கது. இவற்றுள் சிலவற்றிற்கு எர்த் கம்பியொன்று மிகுதியாக வேண்டும். வாங்குமுன் பழைய பிளாஷரின் முனைகளை ஒப்பிட்டறிதல் நன்று. இதுவும் அவிந்த விளக்கை அறிவிக்கும் ஆற்றலுடையதன்று என்பதை மறத்தலாகாது.

பிளாஷரை மாற்றிய பின்னும் சில வண்டிகளில் நான்கு விளக்குகளும் ஒருங்கே மின்னுவதுண்டு. இடம், வலம் இரண்டிற்கும் பொதுவாக முகப்பில் ஒரே காட்டுவிளக்கு உள்ள வண்டிகளில் இது நிகழும். அக்காட்டுவிளக்கு இடக்கம்பிக்கும் வலக்கம்பிக்கும் நடுவே பிணைக்கப்பட்டிருக்கும். இடப்பக்கம் எரியுங்கால் மின்சாரம் காட்டுவிளக்கின் வழியே சென்று, வலப்பக்க விளக்குகளின் ஊடே எர்த்தை அடையும். அச்சிறு மின்சாரம் தடித்த இழையை ஒளிரச்செய்யாது, டையோடை ஒளிரச்செய்யும். இடமும் வலமும் ஒருங்கே மின்னினால் அக்குறிக்குத் திரும்புதல் என்னும் பொருளே இல்லாதொழிகின்றது. காட்டுவிளக்கின் ஒரு முனையை எர்த்தோடு இணைத்து, மறுமுனைக்கு இரு கம்பிகளினின்றும் டையோடு ஒவ்வொன்றின் வழியாக மின்சாரம் வரச்செய்தால் இக்குறை நீங்கும். டையோடு மின்சாரத்தை ஒரு திசையிலேயே விடுமாதலின், ஒரு பக்கத்து மின்சாரம் மறுபக்கம் புகாது.

நிறத்தினும் கருத்து வேண்டும். வெள்ளொளி டையோடு என்பது பெரும்பாலும் நீலவொளி டையோடின்மேல் மஞ்சள் ஒளிதரும் பூச்சு பூசியதே. செம்மஞ்சள் மூடியின் பின்னே அதனை வைத்தால் நீலம் தடுக்கப்பட்டு ஒளி மங்கும். ஆதலின் செம்மஞ்சள் மூடிக்கும் செம்மஞ்சள் டையோடே ஏற்றது. நிறமற்ற மூடிக்கு அது இன்றியமையாதது. மேனாட்டார் செம்மஞ்சள் இழைவிளக்கின் அடிப்பகுதியிலுள்ள முளைகளை நேரெதிராக வையாமல் சற்று விலக்கி அமைத்தனர். வெள்ளை விளக்கை மறந்தும் அவ்விடத்துப் பொருத்தலாகாது என்பதே அவர் கருத்து. மேலும், விளக்கின் உட்குழிவு இழை நிற்கும் இடத்தை நோக்கி வகுக்கப்பட்டது. டையோடுகள் அவ்விடத்தினின்று விலகி நின்றால், நேர்நின்று காண்பார்க்கு மிக ஒளிரும்; பக்கத்தினின்று வருவார்க்குப் புலப்படாது. மாற்றிய விளக்கை அந்தியில் எட்ட நின்றும், இருமருங்கும் சென்றும் நோக்கி, பழைய விளக்கோடு ஒப்பிட்டறிதல் வேண்டும்.

இவையெல்லாம் மிகச் சிறிய செய்திகளே என்று கருதுவார் கருதுக. முகப்பில் காட்டுவிளக்கு மின்ன, பின்னே குறி விளக்கு அவிந்துகிடக்கத் திரும்பும் ஒருவன், தான் பேசிவிட்டதாக எண்ணுகின்றான். கேட்க வேண்டியவனோ யாதும் கேட்டிலன். அவ்விருவர்க்கும் இடையே நிற்பது ஒரு வினாடிப்பொழுதே. முன்னர் அவிந்த விளக்கை அறிவித்து நின்ற பிளாஷரை நாம் மாற்றிவிட்டோமாயின், அதன் கடமை நம்மைச் சார்ந்ததாகின்றது. எனவே, எல்.இ.டி. விளக்குப் பொருத்திய அன்பர்கள் நாள்தோறும் வண்டியை எடுக்குமுன் குறியை இருபக்கமும் இட்டு, பின்னே சென்று ஒருமுறை கண்ணாற் கண்டு புறப்படுவாராக. இதற்கு வேண்டுவது அரை நிமிஷமே.