தரை கூட்டும் இயந்திரம்: எவருக்கு உதவி, எவருக்குச் சுமை?

வீட்டுத் தரையைத் தானாகவே கூட்டித் துடைக்கும் இயந்திரங்கள் எமது நாட்டிலும் ஆங்காங்கே தென்படத் தொடங்கியுள்ளன. சோற்றுப் பானையின் மூடியைச் சற்றுப் பெரிதாக்கித் தரையிலே கவிழ்த்து வைத்தாற் போன்ற தோற்றம். ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர் விட்டம், 10 சென்ரிமீற்றர் உயரம். கொழும்பின் தொடர்மாடி வீடுகளில் வசிப்போர் இதனைத் தாமே விரும்பி வாங்குகின்றனர். வடக்கிலும் கிழக்கிலும் நிலைமை சற்று வேறானது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் பிள்ளைகளும், வளைகுடா நாடுகளில் தொழில் புரிவோரும் ஊரிலே தனித்திருக்கும் பெற்றோருக்கென வாங்கிவரும் பொருட்களுள் இதுவும் ஒன்றாகி வருகின்றது. அம்மா இனிக் குனிந்து கூட்டத் தேவையில்லை என்பதே இந்த அன்பளிப்பின் பின்னாலுள்ள எண்ணம். எண்ணத்திலே குறைகாண எதுவுமில்லை. எனினும், இவ்வியந்திரம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அறியாமல் வாங்கப்படுமாயின் அது சில வாரங்களிலேயே கட்டிலுக்கடியில் முடங்கிவிடும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

சுவீடனின் இலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் 2001 ஆம் ஆண்டில் ட்ரைலோபைட் என்ற பெயரில் இத்தகைய இயந்திரமொன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் விலை சாதாரண குடும்பங்களுக்கு எட்டாததாக இருந்தது. 2002 ஆம் ஆண்டு செப்டெம்பரில் அமெரிக்காவின் ஐரோபோட் நிறுவனம் வெளியிட்ட ரூம்பாவே இத்துறையில் திருப்பத்தை ஏற்படுத்தியது. 200 டொலருக்கு விற்கப்பட்ட அந்தச் சிறு வட்டத்தினுள் பெரிய அறிவு எதுவும் இருக்கவில்லை. நேரே ஓடும், சுவரிலோ கதிரைக் காலிலோ மோதினால் திரும்பும், வேறொரு திசையில் மீண்டும் ஓடும். அந்நிறுவனத்தை நிறுவிய மூவரில் ஒருவரான ரொட்னி புரூக்ஸ், பூச்சிகளைப் போன்று இயங்கும் இயந்திரங்களை ஆராய்ந்தவர். உலகம் முழுவதையும் மனத்தில் வரைந்து வைத்துக்கொண்டா ஒரு பூச்சி நடமாடுகின்றது? எதிர்ப்பட்டதற்கேற்ப நடந்துகொள்வதே அதற்குப் போதுமானது. அதே போன்று, அறையை அறியாமலேயே அறையைக் கூட்டிவிட முடியும் என்பதை ரூம்பா காட்டியது.

இவ்விடத்தில் எமது வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வீடு கூட்டும் இயந்திரத்தைச் செய்யும் முன்னர் இதே நிறுவனம் அமெரிக்க இராணுவத்துக்காகப் பணியாற்றியது. ஒரு நிலப்பரப்பில் எந்த இடமும் தவறாமல் ஊர்ந்து சென்று வெடிக்காத குண்டுகளைத் தேடும் இயந்திரத்துக்கென வகுக்கப்பட்ட முறைகளே பின்னர் வரவேற்பறையின் தூசியைத் தேடுவதற்கும் பயன்பட்டன. கண்ணிவெடி தேடப் பிறந்த அறிவு மேலைநாட்டு வீடுகளில் தரை கூட்டுகையில், எமது வன்னி மண்ணில் மனிதர்களே, அவர்களிலும் பெண்கள் பலர், முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாகக் கண்ணிவெடிகளை அகற்றி வந்துள்ளனர்.

முட்டிமோதித் திரும்பும் காலம் இப்போது பெரும்பாலும் கடந்துவிட்டது. 2010 ஆம் ஆண்டில் நீற்றோ என்ற நிறுவனம் சுழலும் லேசர் கதிரினால் அறையின் நீள அகலங்களை அளக்கும் முறையை வீட்டு இயந்திரத்துக்குக் கொண்டுவந்தது. லேசர் கதிர் சுவரிற் பட்டுத் திரும்புவதைக் கொண்டு தூரத்தைக் கணித்து, இயந்திரம் வீட்டின் வரைபடத்தைத் தானே வரைந்துகொள்கின்றது. எங்கு கூட்டினோம், எங்கு கூட்டவில்லை என்பது அதற்குத் தெரியும். மின்கலம் இறங்கும்போது தனது தரிப்பிடத்துக்குத் திரும்பி மின்னேற்றிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும். சீனாவின் ஷியோமி 2016 இல் இதே முறையைக் குறைந்த விலையில் வழங்கியதன் பின்னர் சந்தை சீன நிறுவனங்களின் பக்கம் சாய்ந்தது. ஈரத் துணியால் துடைப்பவையும், துணியைத் தாமே கழுவி உலர்த்துபவையும் அடுத்தடுத்து வந்தன.

நன்மைகளைக் குறைத்துக் கூற நாம் விரும்பவில்லை. ஈர்க்கு விளக்குமாற்றுடன் நாளுக்கு இருமுறை குனிந்து நிமிரும் பெண்ணின் இடுப்பும் முழங்காலும் படும் பாட்டை எமது சமூகம் ஒரு வேலையாகக்கூடக் கணக்கிட்டதில்லை. மூட்டுவாதத்தினால் குனிய இயலாதவர், சத்திரசிகிச்சை செய்துகொண்டவர், ஆஸ்துமா நோயினால் தூசியைச் சுவாசிக்க முடியாதவர் ஆகியோருக்கு இவ்வியந்திரம் ஆடம்பரப் பொருளன்று. கட்டிலுக்கும் அலுமாரிக்கும் அடியில், தும்புத்தடி முழுமையாக எட்டாத இடத்தில், மாதக்கணக்கில் சேரும் தூசியை இது நாள்தோறும் எடுத்துவிடும். விளக்குமாறு தூசியைக் கிளப்பிவிட, இது உறிஞ்சி அடைத்துக்கொள்கின்றது.

மின்கட்டணத்தைப் பற்றிய அச்சமும் தேவையற்றது. 14.4 வோல்ற், 5200 மில்லி அம்பியர் மணி என்பது இவற்றிற் பலவற்றின் மின்கல அளவாகும். பெருக்கிப் பார்த்தால் 75 வோற் மணி. அதாவது முழுமையாக ஒருமுறை மின்னேற்ற ஓர் அலகின் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. 1400 வோற் வலுவுடைய சாதாரண தூசு உறிஞ்சியை ஒரு மணித்தியாலம் இயக்கினால் 1.4 அலகு செலவாகும். உறிஞ்சும் பலத்தில் இரண்டும் ஒன்றல்ல என்பதும் உண்மையே. ஊறிப்போன அழுக்கை எடுக்கும் வலிமை சிறிய இயந்திரத்துக்கு இல்லை. அன்றாடத் தூசியே அதன் எல்லை. துணியைச் சூடான காற்றினால் உலர்த்தும் தரிப்பிடங்கள் மாத்திரம் மின்சாரத்தைச் சற்று அதிகமாகக் கேட்கும்.

சிக்கல் எமது வீடுகளின் அமைப்பிலேயே தொடங்குகின்றது. இவ்வியந்திரம் மேலைநாட்டு வீட்டை மனத்திற்கொண்டு பிறந்தது. அங்கே அறைக்கு அறை தரை ஒரே மட்டத்தில் இருக்கும். இவற்றுட் பெரும்பாலானவை 2 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட உயரத்தைக் கடக்கமாட்டா. யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளிலோ விறாந்தைக்கு ஒரு மட்டம், கூடத்துக்கு ஒரு மட்டம், குசினிக்கு இன்னொரு மட்டம். வாசல்தோறும் நிலைப்படி வேறு. நடுவே முற்றம் திறந்திருக்கும் நாற்சார வீடாயின் இயந்திரம் ஒரு பக்கத் தாழ்வாரத்துடன் நின்றுவிடும். படியிலிருந்து விழாமல் காப்பதற்காக அதன் வயிற்றில் தரையை நோக்கும் உணரிகள் பொருத்தப்பட்டுள்ளன. அகச்சிவப்புக் கதிர் தரையிற் பட்டுத் திரும்பினால் நிலம் உண்டு, திரும்பாவிட்டால் பள்ளம் என்பது அவற்றின் கணக்கு. கரிய நிறம் கதிரை விழுங்கிவிடுவதனால், கறுப்புத் தரையோட்டின் ஓரத்தைக் கிணற்றின் விளிம்பென எண்ணித் திரும்பி ஓடும் இயந்திரங்களும் உள.

மணலையும் மறந்துவிட முடியாது. பருத்தித்துறை முதல் காத்தான்குடி வரை கரையோர வீடுகளுக்குள் காலோடு வரும் மணல் சிறிய தூசிப் பெட்டியை விரைவில் நிரப்பிவிடும். சில்லுகளின் அச்சிலும் புகுந்துகொள்ளும். நீண்ட கூந்தலையுடைய பெண்கள் வாழும் வீட்டில் உருளும் தூரிகையிற் சுற்றும் முடியை வாரத்துக்கொரு முறையேனும் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க வேண்டும். குசினித் தரையில் சிந்திய தேங்காய்ப்பூவையும் குழம்பையும் ஈரத்துக்கென அமைக்கப்படாத இயந்திரம் தொட்டால் நாற்றம் அதனுள்ளேயே தங்கிவிடும். பூனையோ குழந்தையோ அசுத்தம் செய்த இடத்தில் அது ஓடினால் என்ன நிகழும் என்பதை நாம் விரித்துரைக்கத் தேவையில்லை.

இதில் முஸ்லிம் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய தனியான விடயமொன்றுண்டு. தொழுகைக்கும், சஹனில் ஒன்றாக அமர்ந்து உண்பதற்கும் பயன்படும் தரை கண்ணுக்குச் சுத்தமாக இருந்தால் மாத்திரம் போதாது. அது நஜீஸ் அற்றதாகவும் இருத்தல் வேண்டும். ஓரிடத்தில் சிறுநீர் பட்டிருக்க, ஈரத்துணியுடன் ஓடும் இயந்திரம் அதனைக் கூடம் முழுவதற்கும் பரப்பிவிடக்கூடும். முதலில் அவ்விடத்தைக் கையால் கழுவிய பின்னரே இயந்திரத்தை விடுதல் வேண்டும். தொழுகை விரிப்பின் குஞ்சங்களும் தூரிகையிற் சிக்கும் என்பதனால் அவற்றை எடுத்து வைப்பதே உகந்தது. விளக்கேற்றிய பின்னர் வீடு கூட்டலாகாது எனக் கருதும் சைவ வீடுகளிலோ நேரக் குறிப்பைத் தவறாக இட்டுவிட்டால், மாலை ஆறரை மணிக்கு இயந்திரம் தானாகவே புறப்பட்டு வந்து மூத்தோரின் ஏச்சை வாங்கிக் கொடுக்கும்.

தரையிற் பாய் விரித்து உறங்குவோர் மேலும் அவதானமாக இருத்தல் அவசியம். 2015 ஆம் ஆண்டில் தென்கொரியாவில் தரையிற் படுத்துறங்கிய பெண்ணொருவரின் தலைமுடியை இவ்வாறான இயந்திரமொன்று உறிஞ்சி இழுத்ததும், தீயணைப்புப் படையினர் வந்தே அவரை விடுவிக்க நேர்ந்ததும் உலகச் செய்தியாயின. மேலைநாட்டவர் அதனை வேடிக்கையாகப் படித்திருக்கலாம். பகலுணவின் பின்னர் சீமெந்துத் தரையிலே தலை சாய்க்கும் வழக்கமுள்ள எமக்கு அது வேடிக்கையன்று. பார்வை குறைந்த முதியவர் நடக்கும் வழியில் ஓசை குறைந்த இயந்திரமொன்று குறுக்கிடுவதும், அதன் மின்கம்பி காலில் தடக்குவதும் அவ்வாறே. குனியாமல் இருப்பதற்கென வாங்கிய பொருள் விழுவதற்குக் காரணமாகிவிடக் கூடாதல்லவா?

வீட்டின் அந்தரங்கம் பற்றிய கேள்வி இன்னும் பாரதூரமானது. சில இயந்திரங்கள் லேசருடன் கமெராவையும் கொண்டுள்ளன. 2020 ஆம் ஆண்டில் ஐரோபோட்டின் பரிசோதனை இயந்திரங்கள் எடுத்த படங்கள் சில, அவற்றை வகைப்படுத்தும் பணியிலிருந்த வெனிசுவேலாத் தொழிலாளர்களூடாக இணையக் குழுக்களுக்குக் கசிந்தன. கழிவறையில் அமர்ந்திருந்த பெண்ணொருவரின் படமும் அவற்றுள் இருந்தமை 2022 டிசெம்பரில் வெளியாகியது. அவை விற்பனைக்கானவை அல்ல என்றும், பரிசோதனைக்கு உடன்பட்டவர்களின் வீடுகளில் இருந்தவை என்றும் நிறுவனம் விளக்கமளித்தது. 2024 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சில நகரங்களில் எக்கோவாக்ஸ் நிறுவனத்தின் இயந்திரங்களுக்குள் எவரோ இணையவழியே ஊடுருவி, அவற்றின் ஒலிபெருக்கிகளூடாக வீட்டாரை இனவாத வார்த்தைகளால் ஏசிய சம்பவங்களுக்கு அத்தகைய விளக்கமும் கிடையாது. அவை வீட்டார் பணம் கொடுத்து வாங்கியவை.

பெண்கள் தம் வீட்டினுள் இருக்கும் கோலத்தை அந்நியர் காணலாகாது என்பதில் எமது இரு சமூகங்களுமே கண்டிப்பானவை. தெருவால் போகின்றவர் எட்டிப் பார்க்காதிருக்க மதிலை உயர்த்திக் கட்டிவிட்டு, தரையில் ஊர்ந்து திரியும் கமெராவை நாமே உள்ளே அழைப்பது முரண்பாடாகவே தோன்றுகின்றது. பிள்ளை ரொறன்ரோவில் இருந்தவாறே அதே கமெராவினூடாக அம்மாவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று விளம்பரங்கள் ஆசை காட்டக்கூடும். அம்மாவிடம் கேட்காமல் அதைச் செய்வது பராமரிப்பா, கண்காணிப்பா என்பதைப் பிள்ளைகள் சிந்திக்க வேண்டும்.

இயந்திரத்தின் ஆயுள் அதனைச் செய்த நிறுவனத்தின் ஆயுளிலும் தங்கியுள்ளது. லேசர் முறையை அறிமுகப்படுத்திய நீற்றோ 2023 இல் மூடப்பட்டது. ரூம்பாவை 1.7 பில்லியன் டொலருக்கு வாங்க அமேசன் 2022 இல் செய்துகொண்ட உடன்பாடு 2024 ஜனவரியில் கைவிடப்பட்டது. 2025 டிசெம்பரில் ஐரோபோட் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி, தனக்கு இயந்திரங்களைச் செய்து கொடுத்த சீன நிறுவனத்தின் கைக்கு மாறும் ஏற்பாட்டை அறிவித்தது. முன்னோடிகளுக்கே இந்நிலையெனில், பெயர் தெரியாத நிறுவனத்தின் இயந்திரத்துக்கு மூன்றாண்டுகளின் பின் மின்கலமும் தூரிகையும் எங்கே கிடைக்கும்? தொலைபேசிச் செயலியின்றி ஒரு பொத்தானை அழுத்தி இயக்க முடியாத இயந்திரம், தூரத்திலுள்ள கணினி சேவை நின்ற அன்றே பயனற்றதாகிவிடலாம்.

இவை அனைத்துக்கும் அப்பால், கூட்டும் வேலை உண்மையில் எவருடையது என்ற வினா இருக்கின்றது. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷுவார்ட்ஸ் கோவன் 1983 இல் வெளியிட்ட நூலொன்றில், வீட்டு இயந்திரங்கள் பெருகியும் தாய்மாரின் வேலை நேரம் எதிர்பார்த்தவாறு குறையவில்லை என்பதைக் காட்டினார். ஆண்களும் பிள்ளைகளும் வேலையாட்களும் பகிர்ந்த வேலைகள் இயந்திரத்துடன் சேர்ந்து ஒரே பெண்ணின் தலையில் இறங்கின. சுத்தத்தின் அளவுகோலும் உயர்ந்தது. தரை இயந்திரத்திலும் அது நிகழ வாய்ப்புண்டு. ஓடுவதற்கு முன் கதிரைகளைத் தூக்கி வைப்பவர், பாயையும் விளையாட்டுப் பொருட்களையும் எடுப்பவர், பெட்டியிலுள்ள தூசியைக் கொட்டுபவர், துணியைக் கழுவுபவர் எவர்? அதுவும் அம்மாவேயெனில், "அதுதான் மெசின் இருக்கின்றதே" என்ற பேச்சும் அவருக்கு மேலதிகமாகக் கிடைக்கும்.

வேலைக்கு வரும் பெண்ணை நிறுத்திவிட்டு இயந்திரம் வாங்குவதாகச் சிலர் கூறுவதையும் கேட்கின்றோம். மலையகத்திலிருந்தும் கிராமங்களிலிருந்தும் வந்து நகரத்து வீடுகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு அந்த ஊதியமே ஒரு குடும்பத்தின் அடுப்பாக இருக்கலாம். தரை கூட்டுவது அவரது வேலைகளுள் ஒன்று மாத்திரமே. சமையலும் துணியும் நோயாளியைத் தூக்கி அமர்த்துவதும் இயந்திரத்தால் ஆகாதவை. இயந்திரம் மிச்சப்படுத்தும் ஒரு மணித்தியாலத்தை அவருக்கு ஓய்வாக விட்டால் அது நியாயம்.

ஆகவே பெற்றோருக்கு வாங்க எண்ணுவோர் முதலில் ஓர் அளவுநாடாவை எடுத்து நிலைப்படிகளையும் கட்டிலின் கீழ் இடைவெளியையும் அளக்கச் சொல்லுங்கள். தரை பெரும்பாலும் ஒரே மட்டமாக, ஓடு பதித்ததாக இருப்பின் வாங்கலாம். கமெரா இல்லாத, லேசரால் மாத்திரம் வழியறியும், மேலே ஒரு பொத்தானுள்ள இயந்திரமே முதியோருக்கு ஏற்றது. மேலதிகத் தூரிகைகளையும் வடிகட்டிகளையும் அதனுடனேயே வாங்கி வாருங்கள். ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே பெட்டியைப் பிரியுங்கள். பயணம் திரும்பும் நாளின் முதல் இரவில் அல்ல. பெட்டியைத் திறந்து தூசியைக் கொட்டுவதையும் முடியை வெட்டி எடுப்பதையும் அம்மா தம் கையால் நான்கைந்து தடவை செய்து பார்க்கட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றுக்கும் அதைக் காட்டிக் கொடுத்துவிடுங்கள். சுவர் மூலைகளுக்கு எப்படியும் தும்புத்தடி வேண்டும். வட்டமான இயந்திரங்கள் பல அங்கே எட்டமாட்டா.