இருபது வெள்ளி நோட்டில் எட்டுப் பேர்



சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வரும் நம் பிள்ளைகள் சிலரிடம் புதுமாதிரியான ஒரு 20 வெள்ளி நோட்டு இருக்கும். அது நினைவு நோட்டு. ராஃபிள்ஸ் 1819-இல் சிங்கப்பூரில் வந்திறங்கி 200 ஆண்டு ஆனதையொட்டி, 2019 ஜூன் மாதம் வெளியிடப்பட்டது. முன்பக்கத்தில் இருப்பவர் சிங்கப்பூரின் முதல் அதிபர் யூசோஃப் இஷாக். பிறந்தது நம் பேராக்கில். பின்பக்கத்தைத் திருப்பினால் எட்டு முகங்கள் தெரியும்.

அவற்றுள் ஒரு முகம் ஹென்றி ரிட்லி. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்றவர். பிரேசில் காடுகளில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள்; மரம் காயம்பட்டுக் கெட்டது. கட்டையில் கத்தி படாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவி, அதே வெட்டைத் திரும்பத் திரும்பச் சீவினால் பாலும் கிடைக்கும், புதுப்பட்டையும் வளரும் என்று ரிட்லி காட்டினார். அவருடையது மீன்முள் போன்ற வெட்டு. இப்போது நாம் வெட்டுவது மரத்தைப் பாதி சுற்றி வரும் சாய்வெட்டு. அடிப்படை ஒன்றுதான். காப்பியையே நம்பியிருந்த அக்காலத் துரைமார்கள், பார்ப்பவரிடமெல்லாம் ரப்பர் விதையைக் கொடுத்து நடச் சொன்ன அவரைப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று கேலி செய்தார்கள். பிறகு ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்தது அந்த மரங்களை வெட்டத்தான்.

வெட்டும் முறையைக் காட்டியவருக்கு நோட்டில் இடம் கிடைத்தது, வெட்டியவருக்குக் கிடைக்கவில்லை. எட்டு முகங்களில் எல்லாரையும் அடக்க முடியாதுதான். ஆனாலும் ஓரத்தில் ஒரு பால்மரத்தையும் ஒரு மங்கையுமாவது வரைந்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழர் ஒருவரும் இருக்கிறார். தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்து, கடைச் சிப்பந்தியாகத் தொடங்கி, சிராங்கூன் சாலையில் பெருவணிகராகி, கோயிலுக்கும் கல்விக்கும் வாரி வழங்கிய பி. கோவிந்தசாமிப் பிள்ளை. மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லாவும் இளமையில் தமிழ் படித்தவரே. காஜாங்கில் பிறந்த அட்னான் சைடி, ஆசிரியராக இருந்து பட்டாளத்தில் சேர்ந்து, 1942 பிப்ரவரியில் ஜப்பானியரை எதிர்த்து உயிர்விட்டவர். மற்ற நால்வர் டான் கா கீ, தெரசா சூ, எலிஸ் பென்னிஃபாதர், ரூத் வோங்.

இனி விலைக்கு வருவோம். இந்த நோட்டு 20 லட்சம் அச்சானது. வங்கியில் 20 வெள்ளி கொடுத்து ஒன்றை வாங்கிக்கொண்டார்கள். 'அரிய பொருள், நாளைக்குப் பல மடங்காகும்' என்று யாராவது உங்களிடம் விற்க வந்தால், முதலில் பணம் மாற்றும் கடையில் 20 சிங்கப்பூர் வெள்ளிக்கு அன்று என்ன கிடைக்கிறது என்று கேளுங்கள். அதற்கு மேல் கொடுப்பது ஆசைக்குக் கொடுக்கும் விலை. நம் நாட்டிலும் 2017-இல் மாமன்னர்கள் 15 பேரின் உருவங்களோடு 600 ரிங்கிட் நினைவு நோட்டு வந்தது. மொத்தம் 6,000 தான். விலையோ 1,700 ரிங்கிட். வாங்கியவர் அவசரத்துக்கு அதைச் செலவழித்தால் 600 ரிங்கிட் கணக்குத்தான். கூடுதல் விலைக்கு விற்க, சேகரிப்பவர் ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவரும் மடிப்பு, கறை, கிறுக்கல் இருந்தால் விலையைக் குறைத்துவிடுவார்.